கொக்கி வைத்த சேலை

நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுவிட்டது. அதிலும் கணிதம் தேறவில்லை. நாலு பேர் முன்னால் பெயரைச் சொல்லச் சொன்னாலே யாருக்காவது பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவள் எழுதி மற்றவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நினைப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். யார் பெயரையும் எழுதப்போவதில்லை, எந்தப் பாடசாலை என்றும் சொல்லப்போவதில்லை. வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரத்தில் நான் திறக்கவில்லை. அதுதான் இத்தனை நாளாக உள்ளே கொதித்துக்கொண்டு இருக்கிறது.

என் மகள் கண்டி நகரத்துப் பாடசாலை ஒன்றில் பதினோராம் தரம் படிக்கிறாள். ஆறாம் தரத்திலிருந்தே பாடசாலையின் பாடகர் குழுவில் இருக்கிறாள். உயரமானவள் என்பதால் எப்போதும் பின் வரிசைதான். அவள் பாடி நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. வீட்டில் பாடச் சொன்னால் மாட்டாள். குளிக்கும்போது பைப்பை முழுதாகத் திறந்து விட்டுத்தான் பாடுவாள். அரிசி களைந்துகொண்டே, வாளியில் விழும் தண்ணீர்ச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து அவள் குரலைப் பொறுக்கி எடுப்பேன். கதவைத் தட்டினால் நிறுத்திவிடுவாள் என்று தட்ட மாட்டேன்.

இந்த வருடம் பரிசளிப்பு விழாவுக்கு வரவேற்புப் பாடலில் இரண்டு வரியைத் தனியாகப் பாட அவளைத் தெரிவு செய்தார்கள். முன் வரிசை, நடு இடம், தனி மைக். அவள் அப்பாவுக்குக் கொழும்பில் வேலை, வர லீவு கிடைக்கவில்லை. "நீங்களாவது வந்துருவீங்கதானே?" என்று அவள் ஒரு கிழமைக்குள் நாலு தடவை கேட்டுவிட்டாள். அவளும் என்னைப் போலத்தான், எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கிறவள் இல்லை. அதனால் இந்தப் பாட்டைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

விழா பிற்பகல் இரண்டு மணிக்கு என்று கடிதம் வந்தது. எனக்குப் பல்லேகலவில் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை, காமன்ட் என்றுதான் ஊரில் சொல்வார்கள். தைத்து வரும் உடுப்புகளில் பிழை பார்க்கிற மேசை. பன்னிரண்டு மணியோடு அரை நாள் லீவு சொல்லி வைத்தேன். குண்டசாலையில் வீட்டுக்குப் போய்க் குளித்து, சேலை கட்டிக்கொண்டு போவதுதான் திட்டம். முதல் நாளே சேலையை அயன் பண்ணிக் கட்டில்மேல் விரித்து வைத்திருந்தேன்.

பாடசாலைக்கு அம்மாக்கள் சேலையில்தான் வர வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்கு இது விநோதமாகத் தெரியலாம், எங்களுக்குப் பழகிவிட்டது. கேட்டில் ஒட்டியிருக்கும் அறிவித்தலில் சேலை என்ற சொல்லே இல்லை. "பெற்றோர் கண்ணியமான உடையில் வருகை தரவும்" என்றுதான் இருக்கிறது. அப்பாக்களுக்கு அந்த வரி எப்படி வேண்டுமானாலும் வளையும். அம்மாக்களுக்கு மட்டும் அது ஆறு கஜ நீளம்.

இந்தச் சட்டத்தைக் காவல் காப்பது யார் தெரியுமா? ஆசிரியர்கள் இல்லை. மாணவத் தலைவிகள். சட்டையில் தலைவி பட்ஜ் குத்திய பதினாறு வயதுப் பிள்ளைகள். ஒரு நாள் கேட்டில், ஒரு நாள் மண்டப வாசலில், ஒரு நாள் மாடிப்படியில் என்று முறை போட்டு நிற்பார்கள். என் மகளுக்கும் இந்த வருடம் அந்தப் பட்ஜ் கிடைத்தது. கிடைத்த அன்று அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். முதல் தவணைப் பெற்றோர் கூட்டத்தன்று அவளுக்கு வாசல் கடமை. பின்னேரம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே நடித்துக் காட்டினாள்.

"ஒரு அம்மா வந்தாங்கம்மா, பாவாடை சட்டை போட்டுக்கிட்டு. கொழுந்து எடுக்கப் போற மாதிரியே. போய் சாரி கட்டிட்டு வாங்கன்னேன். 'வத்தேகமைக்கு அங்கிட்டு இருந்து வாரேன் தாயி, எப்படித் திரும்பிப் போயிட்டு வாரது'ன்னு கேக்குறாங்க. 'அது எனக்குத் தெரியாது, ரூல்ஸ்'னு சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போயிட்டாங்க."

அந்த அம்மா 'தாயி' என்று சொன்னதை அவள் இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டினாள். நானும் சிரித்தேன். என் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள்தான். அவளும் அப்படித்தான் இழுத்துப் பேசுவாள். ஆனாலும் சிரித்தேன். பெரிய பாடசாலையில் என் மகள் இன்னொருவரைத் திருப்பி அனுப்புகிற இடத்தில் நிற்கிறாள் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

விழா நாளுக்கு வருகிறேன். தொழிற்சாலையில் கைப்பேசியை லொக்கரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்து மணித் தேத்தண்ணீர் நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். வகுப்பு ஆசிரியை பெற்றோர் வட்சப் குழுவுக்குக் காலை ஏழே முக்காலுக்கே செய்தி போட்டிருந்தார். பிரதம விருந்தினருக்கு மாலையில் வேறு வேலையாம். விழா பதினொரு மணிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. கீழே இருபது பேர் கும்பிடுகிற படம் போட்டிருந்தார்கள். ஒருவராவது ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருக்கவில்லை. நான் பார்த்திருந்தாலும் கும்பிடுதான் போட்டிருப்பேன்.

சுப்பவைசரிடம் கெஞ்சி வெளியே வரும்போது பத்தரை. ஓடிப்போய் பஸ் பிடித்தேன். முட்டிக்குக் கீழே வருகிற கறுப்புப் பாவாடை, தொழிற்சாலையின் நீல டீசேர்ட், கழுத்தில் தொங்கும் அட்டை. குண்டசாலைச் சந்தியில் பஸ் நின்றபோது ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். சந்தியிலிருந்து வீட்டுக்கு நடந்து போய், கட்டிக்கொண்டு, திரும்ப நடந்து வந்து, அடுத்த பஸ் பிடிக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். வரவேற்புப் பாடல் விளக்கேற்றியவுடன் வந்துவிடும். கொண்டக்டர் கத்தினார். "இறங்குறதுன்னா இறங்குங்க அக்கா, வாசல்ல சிலை மாதிரி நிக்காதீங்க!"

நான் இறங்கவில்லை. காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். என் மகள் பாடுகிறாள், ஒரு நாளைக்கு ஒரு பாவாடையைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்களா என்று நினைத்தேன். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். ஏதோ அதுதான் குறை என்பது போல.

மண்டபப் படியில் ஏறும்போது பதினொன்று இருபது. உள்ளே நாதஸ்வர இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது, விளக்கு ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம். வாசலில் மூன்று மாணவத் தலைவிகள். நடுவில் நின்றது என் மகளின் சிநேகிதி. எங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுப் போன பிள்ளை. அவளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"ஆன்ட்டி, சாரி கட்டலயா?"

"வேலையிலருந்து நேரா வாரேன் பிள்ள. ரெண்டு மணின்னுதானே சொல்லியிருந்தாங்க."

"தெரியும் ஆன்ட்டி. ஆனா மிஸ் கண்டிப்பா சொல்லியிருக்காங்க. சாரி இல்லாம யாரையும் ஹோலுக்குள்ள விட ஏலாது."

"கடைசில ஓரமா நிக்கிறேன். அவ பாடி முடிக்கிற வரைக்கும்தான். அப்புறம் நானே வெளிய வந்துர்றேன்."

"சீஃப் கெஸ்ட் இருக்காங்க ஆன்ட்டி."

அவர் என்ன, என் பாவாடையைப் பார்க்கவா வந்தார் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு எப்போதும் பதில் மறுநாள்தான் வரும். அவளுக்குப் பின்னால் நின்ற இன்னொருத்தி மற்றவளின் காதில் சொன்னாள். எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"காமன்ட் கேட்டுன்னு நெனச்சி வந்துட்டாங்களோ?"

இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. சிநேகிதி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தாள். அதற்குள் எனக்குப் பின்னால் ஒரு அப்பா வந்தார். வெளுத்த டெனிம், கையில்லாத டீசேர்ட், பாட்டா செருப்பு. "உள்ள போங்க அங்கிள்" என்று அதே சிநேகிதிப் பிள்ளை வழிவிட்டது. அவர் என்னை இடித்துக்கொண்டு போனார்.

கதவுக்கு உள்ளே சந்தனமும் கற்கண்டும் வைத்த மேசையில் ஒரு ஆசிரியை உட்கார்ந்திருந்தார். மாணவத் தலைவிகளுக்குப் பொறுப்பாசிரியை அவர்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து நிகழ்ச்சி நிரலைப் படித்தார். அதில் படிக்க அவ்வளவு என்ன இருக்கிறது?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு வளர்ந்த பெண்ணுக்கு இன்னொரு வளர்ந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து "உன் உடுப்பு சரியில்லை, போ" என்று சொல்ல நா கூசும். அதனால்தான் பிள்ளைகளை நிறுத்தி வைக்கிறார்கள். பிள்ளைகள் சொல்லும். பட்ஜ் பறிபோய்விடும் என்ற பயத்தில் சொந்த அம்மாவிடமும் சொல்லும். பெரியவர்கள் சந்தனக் கிண்ணத்துக்குப் பின்னால் சுத்தமாக உட்கார்ந்திருக்கலாம். இதற்குத் தலைமைத்துவப் பயிற்சி என்று பெயர் வேறு வைத்திருக்கிறார்கள்.

படியிலிருந்து இறங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, கோபம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதானே.

"இங்க வாங்க."

படிக்குப் பக்கத்தில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். பச்சைச் சேலை, கையில் பெரிய பிளாஸ்டிக் பை. அவரும் அப்போதுதான் வந்து, நடந்ததைப் பார்த்திருக்கிறார்.

"அழுவாதீங்க. வாங்க, கன்டீனுக்குப் பின்னுக்கு வாங்க. ரெண்டு நிமிசத்துல கட்டி விட்டுர்றேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். பைக்குள்ளிருந்து ஒரு நைலான் சேலையை எடுத்து உதறினார். கத்தரிப்பூ நிறம். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. முன் மடிப்பு எல்லாவற்றையும் மடித்து, இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைத்து, கொக்கி வைத்திருந்தார். முந்தானை மடிப்பும் தைத்து ஊசி குத்தியபடியே இருந்தது. பாவாடைக்கு மேலேயே சுற்றி, கொக்கியை மாட்டி, முந்தானையைத் தோளில் போட்டால் முடிந்தது. கொக்கியை மூன்று இடத்தில் மாட்டலாம், ஒல்லிக்கும் குண்டுக்கும். கைத்தையல்தான். ஆனால் ஒரு நூல் தளர்வில்லை. என் மேசைக்கு வந்திருந்தால் பிழை சொல்ல முடியாது.

"இது யார் தைச்சது?"

"நாந்தான். மொத தவணைக் கூட்டத்துக்கு என்னையும் இப்படித்தான் விரட்டி விட்டாங்க. வத்தேகமையிலருந்து இன்னொரு பஸ் ஏறணும் எங்க தோட்டத்துக்கு. திரும்பி எங்க வர்றது? பஸ் ஸ்டேண்டுல ஒக்காந்துக்கிட்டே யோசிச்சேன். நாம கட்டிட்டு வந்தாலும் எப்பவும் யாராச்சும் ஒருத்தி வாசல்ல நிப்பா. அதான் இத தச்சி பையிலயே வச்சிருக்கேன். நீங்க மூணாவது ஆளு." முந்தானையை இழுத்து என் டீசேர்ட்டின் எழுத்துகளை மறைத்தார். "கைய தூக்குங்க. பொம்ம மாதிரி நிக்கிறீங்களே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது அவர் சொன்னார்.

"வெரட்டுனதுகூட ஒண்ணுமில்லங்க. அந்தப் பிள்ள பாத்த பார்வ இருக்கே, அதான். ஒசரமான பிள்ள. கண்ணாடி போட்டிருந்துச்சு. இந்தப் புருவத்துல ஒரு வெட்டுக் காயம். நானும் தாயின்னு சொல்லிக் கேக்குறேன், அது எனக்குத் தெரியாதுன்னு மூஞ்சிய திருப்பிக்கிச்சு. எம் பிள்ளைக்கும் அந்த வயசுதான் வரப்போகுது."

அந்தக் காயம் எனக்குத் தெரியும். ஐந்து வயதில் படியில் விழுந்தாள். கண்டி ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். அவள் கத்திய கத்தலில் நான் வெளியே நின்று காதைப் பொத்திக்கொண்டேன்.

அந்த அம்மா குனிந்து என் சேலையின் கீழ்க் கரையைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சரியாக இருந்த முந்தானையை மறுபடி சரி செய்தேன்.

"ம். ராணி மாதிரி இருக்கீங்க. ஓடுங்க" என்றார்.

இருவரும் ஓடினோம். படியேறும்போதே பாட்டுத் தொடங்கிவிட்டது. கதவு மூடியிருந்தது.

"பாட்டு முடியும் வரைக்கும் கதவு திறக்க ஏலாது ஆன்ட்டி" என்றாள் சிநேகிதி. என் சேலையைப் பார்த்தாள், கீழே தெரிந்த என் தொழிற்சாலைச் சப்பாத்தைப் பார்த்தாள். "மிஸ்தான் மூடச் சொன்னாங்க."

கதவோடு ஒட்டி நின்று காதை வைத்தேன். பழைய பலகைக் கதவு, வார்னிஷ் மணம். முதலில் முப்பது பேரும் சேர்ந்து பாடினார்கள். ஹார்மோனியம் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. பிறகு அவள் குரல் வந்தது.

தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். அவள் குரல் நான் நினைத்ததைவிடக் கனமானது. பயமே இல்லை அதில். ஒரு வரி முழுதாகக் கேட்டேன். இரண்டாவது வரி தொடங்கும்போது, வராந்தாவில் பேசிக்கொண்டு போன சின்னப் பிள்ளைகளைப் பார்த்து, முன்பு என்னைக் கிண்டல் செய்த மாணவத் தலைவி கத்தினாள்.

"சத்தம் போடாதீங்க! கேக்குதா? உள்ள பாட்டு நடக்குதுன்னு தெரியாதா? வாயில விரல் வைங்க! எந்த கிளாஸ் நீங்க?"

அவள் கத்தி முடித்தபோது இரண்டாவது வரி முடிந்திருந்தது.

பக்கத்தில் நின்ற அம்மா மெதுவாகச் சொன்னார். "என்னமா பாடுது! யாரு பெத்த பிள்ளையோ."

நான் வாயைத் திறக்கவில்லை. என் இடுப்பில் அவருடைய கொக்கி, என் தோளில் அவருடைய ஊசி. "என் மகள்" என்று சொல்ல இரண்டு சொல் போதும். சொன்னால் சேலையைக் கழற்றி வாங்கிக்கொள்வார் என்றா பயந்தேன்? அப்படிப்பட்டவர் இல்லை என்று நன்றாகத் தெரியும். வெட்கம். எல்லாவற்றுக்கும் காரணம் இந்தப் பாழாய்ப்போன வெட்கம். படியில் அந்தப் பிள்ளைகளிடம் வாயடைத்து நின்றதற்கும் அதுதான், இங்கே வாயடைத்து நின்றதற்கும் அதுதான். என் வெட்கம் எப்போதும் எனக்கு வசதியான பக்கத்தில்தான் வேலை செய்கிறது.

கதவைத் திறந்தார்கள். பாடகர் குழு மேடையின் மறுபக்கத்தால் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய பின்னலை மட்டும் பார்த்தேன். கடைசி வரிசையில் அந்த அம்மாவோடு உட்கார்ந்தேன். எட்டாம் தரத்தில் படிக்கும் அவருடைய மகளுக்குக் கணிதத்தில் பரிசு. பெயர் கூப்பிட்டபோது அவர் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பலமாகத் தட்டினேன்.

விழா முடிந்து பிள்ளைகளை மண்டபத்தைச் சுத்தம் செய்ய வைத்துக்கொண்டார்கள். அந்த அம்மாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சாரிய இப்ப கழட்ட வேணாம், அப்படியே போங்க. நாளைக்கு ஒங்க பிள்ளைகிட்ட குடுத்து விடுங்க, எம் பிள்ள வாங்கிக்கிரும்" என்று வகுப்பைச் சொல்லிவிட்டுப் போனார். என் பிள்ளை யார் என்று கேட்கக்கூட இல்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு மகள் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டாள்.

"எங்கம்மா இருந்தீங்க? பாடுறப்ப முன்னால மூணு வரிசையும் தேடினேன்."

நடந்ததைச் சொன்னேன். சிநேகிதி தடுத்ததைச் சொன்னேன். அவள் கட்டிலில் விரித்தபடியே கிடந்த என் சேலையைப் பார்த்தாள்.

"பஸ் நம்ம சந்தியாலதானே வருது? இறங்கிக் கட்டிட்டு வந்திருக்கலாமேம்மா."

அதுவரைக்கும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்த இடத்தில் வெடித்தது. நான் அவளைத் திட்டியதே குறைவு. அன்று கத்தினேன். முன் வீட்டுக்காரர்கள் ரேடியோவைக் குறைக்கிற அளவுக்குக் கத்தினேன். "இறங்கியிருந்தா நீ பாடுன அந்த ஒரு வரியும் கேட்டிருக்காதுடி! போய்க் கட்டிட்டு வாங்க, போய்க் கட்டிட்டு வாங்க! வேற வார்த்தையே படிச்சுக் குடுக்கலயா ஒங்களுக்கு?"

"நான் என்னம்மா செய்ய? மிஸ் சொல்றதத்தானே செய்றோம்."

அந்தக் கத்தரிப்பூச் சேலையை அவள் முன்னால் போட்டேன். யார் தைத்தது, ஏன் தைத்தது, அந்த அம்மாவை விரட்டிய பிள்ளைக்குப் புருவத்தில் என்ன அடையாளம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நெடுநேரம் துடைத்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றாள்.

அதே வாயால் 'தாயி' என்று இழுத்துக் காட்டியவள். நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் நான் சிரித்ததை அவள் சொல்லியிருப்பாள். அவள் குளிக்கப் போனாள். பைப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது. பாட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் காலை சேலையை மடித்து அவளுடைய பைக்குள் வைத்தேன். அவள் அதை எட்டாம் தரத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். அன்று அவளுக்கு வாசல் கடமை இருந்ததால், பட்ஜைக் குத்திக்கொண்டு வழக்கத்தைவிட ஒரு பஸ் முந்திப் போனாள்.